தராசடி வேலை

நண்டுக் கொம்பனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற கதை ஊர்காவற்றுறைக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு பங்குனியில். சண்டை ஓய்ந்து ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது. பாதை திறந்து, கொழும்பு லொறிகள் தீவுக்குள்ளும் வரத் தொடங்கியிருந்தன. இறங்குதுறைக்குக் கிட்டக் கூரையில்லாமல் கிடந்த பழைய பண்டகசாலை ஒன்றுக்குத் தகரம் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, பெரிய பெரிய கிடாரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அனலைதீவிலும் சுற்றிவரவும் பிடிபடுகிற நண்டை அங்கே வாங்கி அவித்து, பெண்களைக் கொண்டு சதை எடுத்து, ஐஸில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம். அங்கிருந்து எந்த நாட்டுக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது.

பஸ்ரியாம்பிள்ளைக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவரும் புளியங்கூடல் அரியநாயகமும் ஒன்றாகத்தான் வேலை கேட்கப் போனார்கள். இரண்டு பேரும் ஒருகாலம் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் பதினாறு வருசம் ஒன்றாக இருந்தவர்கள். தொண்ணூறில் சண்டையோடு ஆலை நின்றது. பிறகு இடம்பெயர்ந்து, ஊரூராய் அலைந்து, தொண்ணூற்றேழில் தீவுக்குத் திரும்பி, அகப்பட்ட கூலிக்குப் போய்க் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்குக் கதியால் நடுவது, மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுப்பது, யாராவது கூப்பிட்டால் வள்ளம் இழுப்பது. கூப்பிடாத நாட்கள்தான் கூட.

ஆலையில் பஸ்ரியாம்பிள்ளை சங்கத்தின் கிளைச் செயலாளர். சாப்பாட்டு மண்டபத்தில் கதிரை ஒன்றில் ஏறி நின்று அவர் பேசத் தொடங்கினால், தேத்தண்ணி ஊற்றுகிறவன்கூடக் கேத்திலை வைத்துவிட்டுக் கேட்பான். அரியநாயகம் பொதி கட்டுகிற பகுதியில் நிறை பார்க்கிறவர். சந்தாவைக் கட்டிவிட்டுப் பின்வரிசையில் நிற்கிற ஆள். கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

நண்டுக் கொம்பனியின் மனேச்சர் நிமலன், யாழ்ப்பாணத்துப் பொடியன், முப்பது வயது இருக்கும். மேசைக்குப் பின்னால் இருந்து இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான்.

"சங்கம் கிங்கமெண்டு ஏதும் இருந்தனீங்களோ, அண்ணை?"

"கிளைச் செயலாளர். ஏழு வருசம்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

"நீங்கள்?"

"நான் சந்தா கட்டினனான், சேர். அவ்வளவுதான்."

நிமலன் இரண்டு பெயரையும் எழுதி, அரியநாயகத்தின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சரி போட்டான். தராசடியில் நிற்கிற வேலை. நாளுக்கு முந்நூறு ரூபா. சதை எடுக்க நாற்பத்தொரு பெண்களை எடுத்தார்கள். கிலோவுக்கு நாற்பத்தைந்து ரூபா. அந்த நாற்பத்தொரு பேரில் பஸ்ரியாம்பிள்ளையின் மகள் அன்ரனிட்டாவும் ஒருத்தி. இருபத்திமூன்று வயது, கை சுறுசுறுப்பு. அவள் எடுபட்டது வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் திரும்பி வரும் வழியில் பஸ்ரியாம்பிள்ளையின் மனதில் அந்தச் சரி அடையாளம் மட்டும்தான் நின்றது.

புளியங்கூடலிலிருந்து இறங்குதுறைக்குப் போகிறவன் பஸ்ரியாம்பிள்ளையின் படலையைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை ஆறரைக்கு அரியநாயகத்தின் சைக்கிள் மணி கேட்கும். "பஸ்ரியண்ணை, எழும்பியாச்சோ?" என்று ஒரு குரலும் கேட்கும். தொடக்கத்தில் அவர் படலைக்கு வந்து கதைத்தார். ஒரு மாதம் போனதும், அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போகத் தொடங்கினார்.

கொம்பனி கொடுத்த வெள்ளை றப்பர் சப்பாத்தை அரியநாயகம் சைக்கிள் ஹான்டிலில் கொழுவிக்கொண்டு போவார். சேட்டுப் பையில் ஒரு பேனை. தராசு அவர் கையில் இருந்தபடியால், நேற்றுவரை "டேய் அரியம்" என்று கூப்பிட்ட கடற்காரரெல்லாம் "அரியண்ணை, கொஞ்சம் பாத்துப் போடுங்கோ" என்று வளைந்தார்கள். அவர் பெண்சாதி மனோகரி வீட்டுக்கு ஒரு பக்கம் புதுத் தகரம் போட்டாள். அரியநாயகம் கதைக்கும்போது "எங்கடை கொம்பனி" என்று சொல்ல ஆரம்பித்தார். இவை ஒவ்வொன்றும் பஸ்ரியாம்பிள்ளையின் கண்ணில் தவறாமல் பட்டன. தேடிப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். ஆனால் புதுத் தகரம் எத்தனை என்று கேட்டால் அவருக்குத் தெரியும்: ஒன்பது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அரியநாயகம் படலையில் இறங்கி, ஒரு பை நண்டை நீட்டினார்.

"அக்காட்டைக் குடுங்கோ. கால் முறிஞ்சது. கொம்பனி எடுக்காது."

பெண்சாதி மேரிறோஸ் ஆசையாக வாங்கிக்கொண்டு போய் முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தாள். "உள்ளதிலை ஒரு பங்கு குடுக்கிற மனுசன்," என்றாள் பரிமாறும்போது. பஸ்ரியாம்பிள்ளைக்கு வயிறு சரியில்லை. அப்படித்தான் சொன்னார். வெறும் சோற்றையும் சம்பலையும் தின்றுவிட்டு எழும்பினார். அரியநாயகம் ஒரு கெட்டவனாக இருந்திருந்தால், கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால், அவருக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! அந்த மனுசன் கொஞ்சமும் மாறாமல் இருந்ததுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஞாயிறு பூசையில் சுவாமியார், பிறன் பொருளுக்கு ஆசைப்படாதே என்ற பத்தாவது கற்பனையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோது, யாரோ போய்த் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தார்.

காலையில் கொம்பனி வாசலில் எப்போதும் இருபது முப்பது பேர் நிற்பார்கள். ஒருவருக்கும் வேலை இருக்காது. நிமலனும் போகச் சொல்ல மாட்டான். "நில்லுங்கோ, பாப்பம்," என்பான். சில நாள் ஐஸ் இறக்க இரண்டு பேரைக் கூப்பிடுவான். மற்றவர்கள் பத்து மணிவரை நின்றுவிட்டுப் போவார்கள். அது ஏன் என்று பஸ்ரியாம்பிள்ளைக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆலையில் கதிரையில் ஏறி நின்று எத்தனை தரம் சொன்னவர்: "வேலையில்லாதவனும் முதலாளிக்கு வேலை செய்யிறான், தோழர்மாரே. அவன்ரை வேலை வாசலிலை நிக்கிறது. அவனைக் காட்டித்தான் உள்ளுக்கு நிக்கிறவன்ரை சம்பளத்தைக் குறைக்கிறாங்கள். அவனுக்கு அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை."

இவ்வளவும் தெரிந்த மனுசன்தான் ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை அந்த வாசலுக்குப் போனார்.

அதற்கு முதல்நாள் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால் நடந்த ஒரு சின்ன விசயம்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. நண்டு விலையைப் பற்றிக் கடற்காரர் ஏழெட்டுப் பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ரியாம்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, விலையை யார் தீர்மானிக்கிறது என்று தொடங்கினார். பாதி சொல்வதற்குள் ஒருவன் கையை உயர்த்தினான். "பொறுங்கோ அண்ணை. அரியண்ணை வரட்டும், அவர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்." அவ்வளவுதான். எல்லோரும் றோட்டைப் பார்த்தார்கள். அரியநாயகத்தின் சொல்லுக்காக! பதினாறு வருசத்தில் ஒரு கூட்டத்தில் ஒரு வசனம் பேசாதவனின் சொல்லுக்காக.

நிமலன் அவரைக் கண்டதும், "இடமில்லை அண்ணை," என்றான், தலையைத் தூக்காமல்.

"முந்நூறுக்கு இடமில்லை. இருநூற்றைம்பதுக்கு?"

அந்த வசனம் அவர் வாயிலிருந்து வந்ததுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. நிமலன் பேனையை மூடி வைத்தான்.

"என்ன வேலைக்கு?"

"தராசடி. சேர்." அந்தச் சேரைப் பிறகு யோசித்துத்தான் சேர்த்தார்.

"நாளைக்கு வாங்கோவன்."

அடுத்த நாள் போனபோது நிமலன் சிரித்த முகமாக இருந்தான். "அரியண்ணையைக் கேட்டனான். அவரும் இருநூற்றைம்பதுக்கு நிக்கிறன் எண்டிட்டார். நான் என்ன செய்ய?"

இது எந்த விளையாட்டு என்று பஸ்ரியாம்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவில் இருந்துகொண்டு இழுக்கிற விளையாட்டு. எழும்பி வந்திருக்கலாம். அரியநாயகம் இந்நேரம் உள்ளே தராசுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைச் சப்பாத்தோடு நிற்கிறார் என்ற நினைப்பு அவரைக் கதிரையில் அழுத்திப் பிடித்தது.

"இருநூற்றிருபது, சேர்."

திங்கட்கிழமை காலை அவர் போனபோது, அரியநாயகம் வாசலுக்கு வெளியே வந்துகொண்டிருந்தார். வெறுங்கால். சப்பாத்து இரண்டும் கையில். அவற்றைப் பஸ்ரியாம்பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் வைத்தார்.

"அதுக்குக் கீழை எனக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டன், அண்ணை. வீட்டிலை அஞ்சு வாய்." கொஞ்சம் பொறுத்து, "இது எட்டாம் நம்பர். உங்களுக்கு இறுக்கும்," என்றார்.

குரலில் ஒரு கோபமும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ரியாம்பிள்ளை சப்பாத்தைப் போட்டுப் பார்த்தார். இறுக்கியது.

வீட்டிலும் ஊரிலும், அரியத்துக்கு முதுகு வருத்தம், தானே விட்டுவிட்டார் என்று சொன்னார். மேரிறோஸ் நம்பினாள். கொம்பனியில் அன்ரனிட்டா மேசையில் தலையைக் குனிந்து சதை எடுப்பாள். அவர் பத்தடி தள்ளித் தராசடியில் நிற்பார். முதல் கிழமை கடற்காரர் "பஸ்ரியண்ணை, பாத்துப் போடுங்கோ" என்றபோது உள்ளுக்குள் ஒரு இனிப்பு இருந்தது. இரண்டாம் கிழமை அது இல்லை. அரியநாயகம் இப்போது வாசலில் நிற்கிறவர்களோடு காலையில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார். அங்கே நின்று ஏதோ சொல்லுவார், பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். என்ன பகிடி என்று தராசடியில் நின்று எட்டிப் பார்ப்பார் பஸ்ரியாம்பிள்ளை. உள்ளே அவரோடு சிரிக்க ஒருவரும் இல்லை. வெளியே நிற்கிற மனுசனைப் பார்த்தும் எரிந்தது. இப்படியும் ஒரு எரிச்சல் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

நாலாம் கிழமை நிமலன் மேசைகளுக்கு நடுவில் வந்து நின்று கையைத் தட்டினான். நாளையிலிருந்து கிலோவுக்கு முப்பத்தாறு ரூபா என்றான். பெண்கள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

"கொழும்பிலை விலை விழுந்திட்டுது. நான் என்ன செய்ய? உங்கை தராசடியிலை பாருங்கோ. அண்ணை சங்கத்திலை செயலாளரா இருந்த மனுசன். அவரே முந்நூறு ரூபா வேலையை இருநூற்றிருபதுக்குக் கேட்டு வாங்கிச் செய்யிறார். அவருக்குத் தெரியாத ஞாயமே உங்களுக்குத் தெரியும்? விருப்பமில்லாதவை போகலாம். வாசலிலை எத்தினை பேர் நிக்கினம் எண்டு ஒருக்காப் பாருங்கோ."

நாற்பத்தொரு முகமும் தராசடிக்குத் திரும்பின. பஸ்ரியாம்பிள்ளை ஒரு கூடை நண்டைப் பிடித்தபடி நின்றார். அன்ரனிட்டாவின் கண்ணை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள் என்பது தெரியும்.

அன்று பின்னேரம் குசினி வாசலில் வைத்து அவள் கேட்டாள். விரல்களில் நண்டு ஓடு கீறிய காயங்கள். உப்புத்தண்ணி பட்டு ஓரமெல்லாம் வெளிறிப் போயிருந்தன. அவற்றைத் தேங்காயெண்ணெயில் தோய்த்தபடி கேட்டாள்.

"அப்பா, நீங்கள் போய்க் கேட்டனீங்களோ? இல்லாட்டி மனேச்சர் கூப்பிட்டவரோ?"

"நான்தான் போனனான்."

"ஏன்?"

வீட்டுக் கஷ்டம் என்று சொல்லலாம். உன்ரை கலியாணத்துக்கு என்று சொல்லலாம். மேரிறோஸ் கூட அதைத்தான் எதிர்பார்த்து, துருவுபலகையில் இருந்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் முழுப் பொய்யும் இல்லை. ஆனாலும் மகளின் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அவரால் அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"எரிச்சல், பிள்ளை," என்றார். "அரியத்தைப் பாக்கப் பாக்க எனக்கு எரிச்சலா இருந்தது. அவ்வளவுதான்."

மேரிறோஸின் கை நின்றது. அன்ரனிட்டா விரல்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"கிலோவுக்கு ஒம்பது ரூபா, அப்பா. நாப்பத்தொரு பேர். உங்கடை எரிச்சலுக்கு நாங்கள் கட்டுறம்."

அவர் தலையைக் குனிந்தார்.

"நாளைக்கு நாங்கள் ஒருத்தரும் நண்டிலை கை வைக்கிறேல்லை எண்டு கதைச்சிருக்கிறம். ஆனா வெளியிலை நிக்கிறவை உள்ளுக்கு வந்திட்டினமெண்டா எல்லாம் முடிஞ்சுது. அவையோடை ஆராவது கதைக்க வேணும்."

"நான் கதைக்கிறன்."

"உங்களை ஆர் நம்புவினம்?" அவள் அதைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்னரே பஸ்ரியாம்பிள்ளை வாசலுக்குப் போனார். பெண்கள் உள்ளே போகாமல் சுவரோரமாக நின்றார்கள். எதிர்ப்பக்கம் வேலைக்கு நிற்கிறவர்கள் முப்பது பேர். அவர்களுக்குள் அரியநாயகம். ஏறி நிற்க அங்கே கதிரை இல்லை. இருந்தாலும் அவர் ஏறியிருக்க மாட்டார்.

"எல்லாருக்கும் ஒண்டு சொல்ல வேணும்," என்று தொடங்கினார். "அரியநாயகத்துக்கு முதுகு வருத்தமில்லை. நான்தான் போய் இருநூற்றைம்பது எண்டனான். பேந்து இருநூற்றிருபது எண்டனான். அவரை அனுப்பிப்போட்டு நான் ஏறினனான். அதைக் காட்டித்தான் இண்டைக்கு இந்தப் பிள்ளையளின்ரை காசைக் குறைக்கிறாங்கள். இண்டைக்கு நீங்கள் முப்பத்தாறுக்கு உள்ளுக்குப் போனா, நாளைக்கு உங்களைக் காட்டி முப்பது எண்டு சொல்லுவாங்கள். நான் செய்ததை நீங்கள் செய்யாதேங்கோ. கேக்கிறது அவ்வளவுதான்."

ஒருவன் காறித் துப்பினான். "இப்ப வந்து சொல்லுறார்," என்றது ஒரு குரல். இன்னொருவர், "எங்கடை வீட்டிலையும் அடுப்பு எரிய வேணும்," என்றார். அது உண்மைதான். எல்லோரும் அரியநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்தபடி யோசித்துவிட்டு, நடந்து போய்ப் பெண்கள் நின்ற சுவரோரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் அவருக்குப் பின்னால் போனார்கள். பிறகு நாலு பேர், பிறகு இன்னும் பலர். எல்லோரும் போகவில்லை. ஏழெட்டுப் பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள், ஆனால் உள்ளேயும் போகவில்லை.

நிமலன் வெளியே வந்தான். "ஆர் கதைக்கப் போறியள்? ஒராள் வாங்கோ."

பஸ்ரியாம்பிள்ளையின் கால் தன்பாட்டில் ஒரு அடி முன்னுக்கு வைத்தது. ஆலைக் காலத்துப் பழக்கம். அன்ரனிட்டாவுக்குப் பக்கத்தில் நின்ற வயதான பெண் ஞானசவுந்தரி, உரத்த குரலில், "அரியண்ணை கதைக்கட்டும்," என்றாள். மற்றப் பெண்களும் "ஓம், அரியண்ணை" என்றார்கள். அன்ரனிட்டாவும் சொன்னாள். அவர் அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்தார்.

அரியநாயகம் வாசல்படியில் நின்று பேசினார். எதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதலில் ஐஸைப் பற்றிப் பேசினார், பிறகு பெண்களின் விரல்களைப் பற்றி, பிறகு திரும்பவும் ஐஸைப் பற்றி. நடுவில் திடீரென்று, "வாசலிலை நிக்கிறதும் ஒரு வேலைதான் சேர். அதுக்கு நீங்கள் எங்களுக்குச் சம்பளம் தாறேல்லை. ஆனா அந்த வேலையாலை உங்களுக்குத்தான் லாபம்," என்றார்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அது அவருடைய வசனம்! ஆலையில் அவர் சொன்னது. பின்வரிசையில் நின்ற மனுசன் இத்தனை வருசமாக அதை வைத்திருந்திருக்கிறார். சொல்லும் முறையும் பிழை. முதலில் முதலாளியைச் சொல்லி, ஒரு இடைவெளி விட்டு, பிறகுதான் வாசலைச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் பிழையாகச் சொன்ன வசனத்துக்குப் பெண்கள் கை தட்டினார்கள். வெளியே நின்றவர்கள் "சரியாச் சொன்னீர்" என்றார்கள். தகரத்துக்கும் சப்பாத்துக்கும் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது அவருக்கு விளங்கியது. முந்நூறு ரூபாவும் இல்லை. இதைத்தான் அவர் இழந்திருந்தார். இப்போது அது இன்னொருவனிடம் இருக்கிறது; அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவரேதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

பதினொரு மணிக்கு அனலைதீவிலிருந்து வள்ளங்கள் வந்தன. கட்டிய நண்டுகள் வெயிலில் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தன. லொறிக்காரன் ஹோன் அடித்தான். நிமலன் இரண்டு தரம் கொழும்போடு போனில் கதைத்துவிட்டு வந்து, கிலோவுக்கு நாற்பத்திரண்டு, தராசடிக்கு அரியநாயகம் திரும்ப வரலாம், இருநூற்றெண்பது என்றான். பிறகு பஸ்ரியாம்பிள்ளையை நோக்கி விரலை நீட்டினான்.

"ஆனா உவர் உள்ளுக்கு வரப்படாது. உவராலைதான் இவ்வளவும்."

எதனால் அப்படிச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. அரியநாயகம் திரும்பிப் பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தார். அந்த ஒரு நிமிசம் முடிவு அரியநாயகத்தின் கையில் இருந்தது. மாட்டோம் என்று சொன்னால், நண்டு நாறும். ஆனால் நாற்பத்திரண்டும் போகும்.

"ஓம் எண்டு சொல்லும், அரியம்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "மூண்டு ரூபா குறையத்தான். எண்டாலும் ஓம் எண்டே சொல்லும்."

அதற்குப் பிறகு அவர் மேரிறோஸின் தம்பி யாகப்புவின் வள்ளத்தில் பங்குக்குத் தொழிலுக்குப் போனார். தோள்மூட்டு நொந்தது. பிடித்த நண்டை யாகப்பு கொம்பனிக்குக் கொண்டுபோய் நிறுப்பான். பஸ்ரியாம்பிள்ளை வள்ளத்திலேயே இருந்துகொள்வார். அரியநாயகம் காலையில் படலையைத் தாண்டிப் போகும்போது மணி அடிப்பதில்லை. கோபமா, கூச்சமா என்று தெரியவில்லை. இப்படியே இரண்டு மாதம் போனது.

புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, அரியநாயகம் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளையளின்ரை கைக்குக் கிளவுஸ் கேக்க வேணும். எழுத்திலை தரட்டாம். எனக்குக் கடிதம் எழுத வராது, அண்ணை."

பஸ்ரியாம்பிள்ளை கதிரை எடுத்துப் போட்டார். கடதாசி எடுத்தார். அவருடைய கையெழுத்து ஆலையில் பேர்போனது. ஒரு பக்கம் எழுதி முடித்து, அடியில் அரியநாயகத்தின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட இடம் விட்டார். அந்த இடத்தை விடும்போது பேனை ஒரு கணம் நின்றது. அரியநாயகம் தேத்தண்ணி குடித்துவிட்டு, கடிதத்தை நாலாய் மடித்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அன்ரனிட்டா வேலையால் வந்து முற்றத்தில் கை கழுவினாள். கிளவுஸ் வந்ததா என்று கேட்டார்.

"பன்ரண்டு சோடி. மற்றவைக்குப் பிறகு எண்டு மனேச்சர் சொன்னவர்."

"உனக்கு?"

"எனக்கு வரேல்லை."

அவளுடைய பெருவிரலில் புதிதாக ஒரு வெட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப் பார்த்தது: அரியத்தின்ரை கதைக்கும் பன்னிரண்டு சோடிதான். அதைத் தனக்குள் கண்டதும் பஸ்ரியாம்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. மகளின் கை அவருக்கு முன்னால் இருந்தது. மனம் இன்னும் அந்தத் தராசடியையே சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் அடுத்த கடிதத்தை எழுதினார். அரியநாயகம் வரும்வரை காத்திருக்கவில்லை. சேட்டை மாற்றிக்கொண்டு, வெயில் சாய முன்னம் புளியங்கூடலுக்குச் சைக்கிளில் போனார். மூன்று மாதத்தில் முதல் தரம்.

மனோகரி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். "அவர் குளிக்கிறார்," என்றாள். இருங்கோ என்று சொல்லவில்லை. பஸ்ரியாம்பிள்ளை நின்றார். அவள் அவரைச் சுற்றி வளைத்துக் கூட்டிக்கொண்டே, "அந்த ஒரு மாதமும் பிள்ளையளுக்குக் கஞ்சிதான் குடுத்தனான்," என்றாள்.

"ஓம், தங்கச்சி," என்றார்.

அரியநாயகம் தலையைத் துவட்டியபடி வந்து, கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். உள்ளே போய்ப் பேனை எடுத்து வந்து, நடுவில் ஒரு வரியை வெட்டினார்.

"இது கூடிப்போச்சு, அண்ணை. அவன் கோவிச்சுக் கிழிச்சுப் போடுவான்."

அது கடிதத்திலேயே நல்ல வரி. அதை யோசிக்கத்தான் பஸ்ரியாம்பிள்ளைக்கு முக்கால்வாசி நேரம் போயிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினார். அந்த வரியை வெட்டியிருக்கக்கூடாது என்று வீடு வந்து சேரும்வரைக்கும் அவருக்கு எரிந்தது.

அடுத்த கிழமை மிச்சம் இருபத்தொன்பது சோடியும் வந்தன.